பௌர்ணமிக்கு இரண்டு நாள் கழித்து

டேயான்,
வியாழக்கிழமை பிற்பகல்

அன்புள்ள ஹீவோன்,

ஆண்டவர் கருணையில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை, முழங்காலைத் தவிர. அது உன் அப்பா இருந்த காலத்திலிருந்தே இப்படித்தான். நீயும் மாப்பிள்ளையும் ஆக்லாந்து வெயிலில் வாடாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். பள்ளி திறந்துவிட்டதாக எழுதியிருந்தாய், தொண்டையைப் பார்த்துக்கொள், முதல் மாதம் கத்திவிட்டு அப்புறம் வருடம் முழுவதும் இருமாதே. இங்கே வருடத்தின் முதல் பௌர்ணமியான பெரிய பௌர்ணமி நேற்றுப் போயிற்று. ஐந்து தானியச் சோறு ஆக்கினேன், வழக்கப்படி கடிக்க வேண்டிய கொட்டைகளை மட்டும் கடிக்கவில்லை, புதுப் பல்லை நம்ப முடியாது. இந்தக் கடிதத்தைக் காலையிலிருந்து மூன்று முறை எடுத்து மூன்று முறையும் எழுந்துபோய்த் தொலைபேசியைப் பார்த்துவிட்டு வந்து உட்காருகிறேன். ஒன்றும் வரவில்லை. என்ன விஷயம் என்று முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கும் தெளியும்.

அக்டோபரில் தேவாலயத்துப் பின்னறையில் பெண்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவர் ஊர் மாறிப் போனதும் பங்குத்தந்தை என்னைக் கேட்டார். ஒன்பது பேர், எல்லோரும் என் வயதுக்காரர்கள், ஏப்ரலில் தொடக்கப்பள்ளித் தேர்ச்சிப் பரீட்சை எழுதப் போகிறவர்கள். எனக்கு ஆசிரியர் பயிற்சி கிடையாது. கன்னியாஸ்திரிகளிடம் பன்னிரண்டு வருடம் படித்தவள் என்ற ஒரே தகுதியில் வரலாறு, புவியியல், அறிவியல் மூன்றும் என் தலையில் வந்து விழுந்தன. புத்தகத்தைத் திறந்தாலே தூங்குகிறார்கள் என்று எழுதினேன், நீ இணையத்தில் பாடத்துக்கு உதவும் தளங்களைத் தேடி ஒரு பட்டியல் அனுப்பினாய், பதினான்கு. ஒவ்வொன்றையும் யார் எழுதியது, எந்த வருடம், எங்கிருந்து எடுத்தது என்று நோட்டில் குறித்துக்கொண்டு ஐந்தை அடித்துவிட்டேன். ஏழாவதில் ஒரே அரசர் ஒரே பக்கத்தில் இரண்டு வெவ்வேறு வருடங்களில் இறக்கிறார். நீ அதை இன்னும் வகுப்பில் காட்டுகிறாய் என்றால் நிறுத்து. எங்கிருந்து தெரியும் என்று சொல்ல முடியாததைச் சொல்லாதே என்பது எங்கள் தலைமைக் கன்னியாஸ்திரி போட்ட சட்டம், எனக்கு அது இன்னும் செல்லும். மற்றவை நன்றாகவே ஓடின. வானத்திலிருந்து ஊரைக் காட்டும் வரைபடத்தைப் போட்ட அன்று, பூண்டு வயல்கார மால்நாம் தன் வீட்டு நீலக் கூரையைக் கண்டுபிடித்து, "இதைப் பாருங்க டீச்சரம்மா, வயல்ல இருக்கேன்னு சொன்ன மனுஷன், வண்டி வீட்டு வாசல்லயே நிக்குது" என்றாள். படம் இரண்டு வருடம் பழையது என்று விளக்கினேன். "அப்ப ரெண்டு வருஷமா பொய் சொல்லிட்டிருக்காரு" என்றாள். அன்றைக்கு யாரும் தூங்கவில்லை.

இவர்களில் இம் தோக்சூன் என்று ஒருவர், வயது எழுபத்துநான்கு, என்னைவிட இரண்டு வயது மூத்தவர். கடல் வற்றும்போது சேற்றுவெளியில் நடந்துபோய்ப் பாறையில் சிப்பி எடுக்கிறவர். மூன்றாம் வகுப்பில் தம்பியை முதுகில் கட்டிக்கொள்ள ஆள் வேண்டுமென்று பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். போன வருடப் பரீட்சையில் சராசரி நான்கு மதிப்பெண் குறைந்து போயிற்று, குறைத்தது இப்போது நான் எடுக்கும் பாடங்கள்தான். இந்த முறையும் இல்லையென்றால் பையை மூட்டை கட்டிவிடுவேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். விண்ணப்பத்தில் ஒட்டுவதற்காக ஊதாச் சட்டை போட்டு எடுத்த புகைப்படங்கள் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. மற்ற எட்டுப் பேரின் விண்ணப்பமும் திங்கட்கிழமையே போய்விட்டது. இவர் அடையாள அட்டையைக் கொண்டுவந்து கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. கடைசி நேரம் நாளை மாலை ஐந்து மணி.

நேற்று பௌர்ணமி அல்லவா, பொருத்தமாக இருக்கட்டும் என்று கடல் ஏற்ற இறக்கப் பாடத்தை வைத்துக்கொண்டேன். கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது வாசலிலிருந்து மால்நாம் "டீச்சரம்மா" என்று கூப்பிட, பெரிய பௌர்ணமியன்று அழைப்புக்குப் பதில் சொன்னால் அந்த வருட வெயிலை நம் தலையில் விற்றுவிடுவார்கள் என்பதை மறந்து "என்ன" என்று கேட்டுவிட்டேன். "என் வெயிலை வாங்கிக்கோங்க" என்றாள். இந்த வருடத்துக் கோடை முழுவதையும் என் தலையில் கட்டியாயிற்று, எல்லோரும் சிரித்தார்கள், தோக்சூன் அம்மாள்தான் அதிகம் சிரித்தார். உன் பட்டியலில் மூன்றாவதாக இருந்த படத்தைப் போட்டேன், பூமியும் நிலாவும் சூரியனும் ஒரே வரிசையில் வர, நீல நீர் இரண்டு பக்கமும் புடைக்கிறதே, அதுதான். பிறகு சிறு தேர்வு. ஏற்ற இறக்கம் மிகப் பெரிதாக இருக்கும் நாள் எது என்ற கேள்விக்கு எட்டுப் பேரும் பௌர்ணமி, அமாவாசை என்று எழுதி, சரி என்பதற்கு வட்டம் வாங்கினார்கள். தோக்சூன் அம்மாள் மட்டும் அந்த நாட்களுக்கு இரண்டு நாள் கழித்து என்று எழுதியிருந்தார். தப்பு என்று சிவப்பில் சாய்கோடு இழுத்தேன். தாளைப் பார்த்து, "டீச்சரம்மா, இது எந்தக் கடல்?" என்று கேட்டார். எல்லாக் கடலும்தான் என்றேன். "எங்க கடல் அப்படி இல்லீங்களே" என்றார். படத்தில் பார்த்தீர்களே என்றேன். மால்நாம், "விடுங்கக்கா, அவங்க என் வெயிலை வாங்கினாப்ல நீங்க அவங்க கோட்டை வாங்கிக்கோங்க" என்று சிரிப்பில் முடிக்கப் பார்த்தாள். அதோடு விட்டிருக்கலாம். நான்தான், பழக்கம் வேறு, அறிவு வேறு என்று ஒரு வாக்கியம் சொன்னேன். தோக்சூன் அம்மாள் குரலை உயர்த்தவில்லை. "அறுபது வருஷமா அந்த ரெண்டு நாளை எண்ணித்தான் உயிரோட கரைக்குத் திரும்பியிருக்கேன். தப்பா எண்ணினவங்களைத் தூக்கிட்டு வந்ததும் நாங்கதான்" என்று சொல்லிப் பென்சில் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதிலிருந்து தொலைபேசியை எடுப்பதில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்னது தவறு என்று அச்சிட்டுக் கையில் கொடுக்கத்தான் தேடினேன், உன்னிடம் மறைப்பானேன். கடலை அளக்கும் அரசு அலுவலகத்தின் தளத்தில் நம் கரையின் நீர்மட்டம் நாள்வாரியாக இருக்கிறது. போன பௌர்ணமி, அதற்கு முந்தினது, அமாவாசை என்று ஏழு மாதம் எழுதிக் கூட்டிக் கழித்தேன். ஏறக்குறைய எல்லா மாதமும் உச்சம் இரண்டு நாள் தள்ளித்தான் வருகிறது. தண்ணீருக்கு நிலவின் பின்னால் வந்து சேர நேரம் பிடிக்கிறதாம். அதற்கும் மேல் ஒன்று. தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனால், மீனவர் கூட்டுறவுச் சங்கம் வருடந்தோறும் தரும் நாட்காட்டி, ஒவ்வொரு தேதிக்கும் கீழே அதே எண்கள். நாற்பத்தாறு வருடமாக அந்த ஆணியில் தொங்குகிறது. உன் அப்பா துறைமுக அலுவலகத்துக்குப் புறப்படுமுன் தினமும் அதைப் பார்ப்பார். நான் அதில் திருநாட்களை மட்டும் பார்த்தவள். இப்போது சொல், நான் என்ன செய்ய? தப்பு என்னுடையது என்று சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை. கரும்பலகை தெரியவில்லை என்று பத்து வயதில் நீ சொன்னபோது சோம்பல் என்று உன் ஆசிரியரிடம் சொல்லி ஒரு வருடம் உன்னை முன்பெஞ்சில் உட்கார வைத்தவள் நான். கண்ணாடி வாங்கிய அன்றும் கடைக்காரரிடம் விலையைப் பற்றித்தான் பேசினேன். மறுபடியும் அழைத்துப் பார்த்தேன், எடுக்கவில்லை. மீதியை நாளை எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை மாலை. காலையில் நாட்காட்டியைப் பார்த்தேன், பதினொரு மணிக்கு நீர் அடிவரை வற்றும் என்று போட்டிருந்தது, அதாவது இந்த மாதத்திலேயே பெரிய வற்றல், பௌர்ணமிக்கு இரண்டு நாள் கழித்து. அவர் எங்கே இருப்பார் என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. புகைப்படங்களையும் விண்ணப்பத்தையும் தேர்வுத்தாளையும் பையில் போட்டுக்கொண்டு, உன் அப்பாவின் ரப்பர் பூட்ஸுக்குள் இரண்டு ஜோடிக் காலுறையோடு போனேன். கடல் சுவருக்கு அப்பால் நான் இதுவரை பார்த்திராத ஒரு கறுப்புப் பாறை வரிசை வெளியே கிடந்தது. சிப்பி ஏற்ற உழவு வண்டிகள் போகும் கெட்டித் தடத்தில் நடந்து, முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவரைப் பெயர் சொல்லி அழைத்தேன். பதில் இல்லை. மறுபடியும் அழைத்தேன். திரும்பாமலே, "கூப்பிட்டா வாயைத் திறக்கக் கூடாதுன்னு புதன்கிழமைதான் பார்த்தேன்" என்றார். வெயில் விற்க வரவில்லை என்றேன். சிப்பி பெயர்க்கும் கொக்கியை நிறுத்திவிட்டு என் பூட்ஸைப் பார்த்தார். வழியெல்லாம் ஒரு நல்ல வாக்கியம் தயாரித்து வைத்திருந்தேன், காற்றில் அது போயிற்று. நீங்கள் எழுதியது சரி, நான் போட்ட கோடு தப்பு என்று மட்டும் வந்தது. "தண்ணி திரும்ப அரை மணிதான் இருக்கு. பேச வந்தீங்களா, கூடை தூக்க வந்தீங்களா?" என்றார். கூடையைத் தூக்கினேன். எழுபத்திரண்டு வயதில் சிப்பிக் கூடை தூக்கினேன், உன் தம்பியிடம் சொல்லாதே.

கரைக்கு வந்தபின் எனக்கு மிகவும் உறுத்திய விஷயத்தைச் சொன்னேன்: பரீட்சையில் கேட்டால் பௌர்ணமி என்று போட்டால்தான் மதிப்பெண், அதை நான் எந்த வாயால் சொல்வது என்று. "இதுக்கா டீச்சரம்மா முகம் இப்படி இருக்கு. பரீட்சைக்கு உங்க நாள், கடலுக்கு என் நாள். ரெண்டையும் தெரிஞ்சவளுக்கு என்ன நஷ்டம்?" என்றார். தேர்வுத்தாளை எடுத்துச் சாய்கோட்டின் மேல் வட்டம் போட்டுக் கொடுத்தேன், வட்டம் கோணிவிட்டது, குளிர். நாலு மணி பத்து நிமிடத்துக்குக் கல்வி அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார். கையைக் கழுவியும் சிப்பி வாடை போகவில்லை, கவுண்டரில் இருந்த பெண் ஜன்னலைத் திறந்தாள், நாங்கள் இருவரும் கவனிக்காததுபோல் நின்றோம். தேர்ச்சி பெறுவாரா தெரியாது. அறிவியலில் மின்சுற்று இன்னும் ஏறவில்லை, நல்ல படம் ஏதாவது கிடைத்தால் அனுப்பு, யார் செய்தது என்று பார்த்துவிட்டு அனுப்பு.

நீயும் மாப்பிள்ளையும் உடல் நலத்தோடும் ஒற்றுமையோடும் இருக்க அன்னை மரியிடம் தினமும் கேட்டுக்கொள்கிறேன். காலையில் வெறும் வயிற்றோடு பள்ளிக்குப் போகாதே. கண்ணாடி விஷயத்திலும் கோடு என்னுடையதுதான், முப்பத்தைந்து வருடம் தாமதமாகச் சொல்கிறேன். மறக்காமல் ஒன்று செய். பட்டியலில் மூன்றாவது படத்தை உன் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது, பல கரைகளில் பெரிய நீர் ஒன்றிரண்டு நாள் தள்ளி வரும் என்று பலகையில் சேர்த்து எழுது. எங்கிருந்து தெரியும் என்று கேட்பார்கள், கேட்க வேண்டும். இம் தோக்சூன், டேயான், சிப்பி எடுப்பவர், அறுபது வருடம் என்று பெயரைப் போட்டு எழுது.

உன் அம்மா,
நோ கியோங்நான்