ஈர மணலில் நின்று பழகினோம்

இன்று காலை மழை விட்டதும் கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டினார்கள். பச்சைப் புல் வாசனையோடு கடலின் உப்புக் காற்றும் சேர்ந்து வந்தது. பையிலிருந்து கிளப் மட்டையை உருவ மறந்து அப்படியே நின்றுவிட்டேன். நீ போன பிறகு இங்கே வர இன்றுதான் எனக்கு மனம் வந்தது.

நாம் பழகியதே இந்தப் புல்லில்தான். நான் திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்தவள். சிப்பிகாட் பண்ணை ஆபீசில் கிளார்க். நீ கப்பல் டிக்கெட் கவுன்டரில் இருந்தாய். கைதிகள் காலத்திலிருந்தே இந்தத் தீவில் வேரூன்றிய குடும்பம் உன்னுடையது; உன் தமிழில் நடுநடுவே இந்தி கலக்கும். சனிக்கிழமை காலையில் பெண்களையும் ஆடவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, தனித்தனியே வந்து சேர்ந்தோம். நான் கால்களை அகட்டிவைத்து நின்ற அழகைப் பார்த்து, அறிமுகம் இல்லாதவள் என்றுகூட யோசிக்காமல் சிரித்தாய்.

"அரே, இது கப்பல் இல்ல, தரை. ஆடாது. காலைக் கொஞ்சம் சேர்த்து வையேன்."

"சேர்த்து வச்சா விழுந்துருவேனே."

"விழுந்தா நான் பிடிக்கிறேன். பஸ், அவ்வளவுதான்!"

தோள் அகலத்துக்குக் கால், முழங்காலில் லேசான மடிப்பு, குதிகாலிலும் இல்லாமல் விரல் நுனியிலும் இல்லாமல் பாதத்தின் நடுவில் பாரம். உனக்கு அது பிறவியிலேயே வந்தது போலிருக்கும். எனக்கு மாதக்கணக்கில் வரவில்லை.

பிறகு சர்க்கரை உன் இடது காலில் கை வைத்தது. கட்டைவிரலும் அடுத்த விரலும் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து டாலிகஞ்சில் உன் வீட்டுக்கு வந்த அன்று, என் தோளைப் பிடித்து நாற்காலியிலிருந்து எழுந்தாய். எழுந்ததும் நீ கேட்ட முதல் கேள்வி, "சனிக்கிழமை எப்போ?"

"ஏட்டி, உனக்குக் கிறுக்கா? விழுந்து இடுப்பு ஒடிஞ்சா மெயின்லேண்டுக்குல்லா தூக்கிட்டு ஓடணும்."

"போனது ரெண்டு விரல்தான். மீதி நான் பூரா இங்கதான இருக்கேன்?"

புண் நன்றாக ஆறி, டாக்டர் சம்மதித்து, ஷூவுக்குள் பஞ்சுத் திண்டு வைத்துக்கொண்டு நீ ஆட வந்தாய். முதல் அடியில் பந்து போனது. அதன் பின்னாலேயே நீயும் முன்னால் சாய்ந்து முழங்கால் குத்தி விழுந்தாய். அழவில்லை. ஆட்டோவில் வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. நீ பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

மறுநாள், கடல் வற்றிய நேரமாகப் பார்த்து உன்னைக் கடற்கரைக்கு இழுத்துப் போனேன். இறுகிய ஈர மணலில், ஷூவோடேயே நின்று கிளப்பை வீசச் சொன்னேன். நீ விலகியதும் இருவரும் குனிந்து தடத்தைப் பார்த்தோம். இடது ஷூவின் முன்பக்கம் மட்டும் குழியாக இறங்கியிருந்தது.

"இல்லாத விரல் மேலல்லா போய் நிக்கே," என்றேன்.

நீ அந்தக் குழிக்குள் விரல் விட்டு ஆழம் பார்த்தாய். பிறகு இடது பாதத்தைக் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பி வைத்தாய். வீச்சைப் பாதியாகக் குறைத்தாய். மறுபடி வீசினாய், மறுபடி குனிந்தோம். அலை வந்து அழிக்க, தள்ளிப்போய் நின்றாய். அந்தக் குளிர்காலம் முழுக்க நம் ஞாயிற்றுக்கிழமைகள் அப்படித்தான் போயின. நண்டு பிடிக்க வந்தவர்கள் நாம் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறோம் என்று நினைத்தார்கள்.

பெண்கள் போட்டி வந்தது. மைதானத்தின் நடுவே நாலா ஓடும் இடத்தில், எதிர்க்காற்றில், அந்த ஓடையைத் தாண்டி அடிக்க வேண்டும். நீ கால் வைத்தாய். முழங்காலை மடித்தாய். வீசினாய். உடம்பு திரும்பி, பாரமெல்லாம் இடது காலுக்கு வந்து, அங்கேயே நின்றது.

"தேக்கா? பாத்தியா?" என்று கத்தினாய்.

"எங்க போச்சுன்னு தெரியல. நீ விழல!"

"பாகல்! பைத்தியமே, பந்தைப் பாக்காம காலைப் பாத்துட்டு நின்னியா?"

பந்து நாலாவுக்கு அந்தப்புறம் புல்லில் கிடந்தது. அடுத்து நான் அடித்தது நேராக நாலாவுக்குள். நீ என்னைக் கட்டிப்பிடித்துச் சிரித்ததில் இருவருமே விழப் பார்த்தோம்.

அடுத்த மழைக்காலத்தில் உனக்குச் சிறுநீரகம் கெட்டது. உன் மகன் உன்னைச் சென்னைக்குக் கொண்டுபோனான். கடைசியாக நீ போனில் பேசியபோது உன் குரல் மெலிந்திருந்தது.

"ஆடப் போனியா?"

"நீ வா, சேர்ந்து போவோம்."

"நீ போ. காலை மட்டும் அகட்டாத."

அதன் பிறகு சென்னையிலிருந்து வந்தது, நீ இறந்துவிட்டாய் என்ற செய்திதான். இன்று போனேன். அகட்டவில்லை. பந்து சுமாராகத்தான் போனது, ஆனால் நின்றேன்.

வீட்டுக்கு வந்து இட்லியைத் தட்டில் வைத்தபோது ஊரிலிருந்து தங்கை போன் செய்தாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்டாள். "நல்லாருக்கேன் யார்," என்றேன்.

"யாரா? யாரைக்கா கேக்க?"

சிநேகிதியைக் கூப்பிட நீங்கள் இங்கே சொல்லும் இந்தி வார்த்தை. எப்போது என் நாக்கில் ஏறியதோ, தெரியவில்லை. ஊர்க் காதுக்கு அது கேள்வியாகிவிட்டது.

"இங்க ஒருத்தி இருந்தா," என்று அவளுக்குச் சொல்லத் தொடங்கினேன். இட்லி ஆறிப்போனது. தங்கை, "பெறவு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.