மேடையில் குணமான அம்மா

17 அக்டோபர் 2024, வியாழன்
காலை

அன்புள்ள மகனுக்கு,

உன் பாட்டும் பயணமும் ஆண்டவர் அருளால் குறைவின்றி நடக்க அப்பாவின் வாழ்த்துகள். தொலைபேசியில் கூப்பிட்டால் உன் மேலாளரே எடுக்கிறார். “அண்ணன் ரிகர்சல்ல இருக்காங்க ஐயா. அடுத்த மாசம் ரெண்டாம் தேதி கச்சேரிக்கு அம்மாவ மட்டும் கூட்டிட்டு வந்துடுங்க. பேசக்கூட வேணாம், மேடையில வந்து நின்னா போதும்” என்கிறார். ஆகவே இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

உன் புதிய பாடல் வீடியோவைப் பார்த்தேன். குரல் நன்றாக இருக்கிறது. டிரம்ஸ்காரரை யாராவது சற்று ஓய்வெடுக்கச் சொல்லலாம். ஆராதனைப் பாடலுக்கு அவ்வளவு புகை எதற்கு என்பதும் எனக்கு விளங்கவில்லை.

இனி, அற்புதம் நடந்ததென்று நீ சொல்லும் சாட்சி. ஒவ்வொரு மேடையிலும் சொல்கிறாய்: மழை கொட்டிய இரவில் அம்மாவின் வயிற்றில் கை வைத்தபோது உன் பேர்பெற்ற அந்தப் பாடல் மெட்டோடு அப்படியே வாயில் வந்ததாம்; விடிந்தபோது கட்டி இல்லையாம். எட்டு ஆண்டுகளாக இதைக் கேட்டு நான் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். அன்று 2016 ஜூன் 9, வியாழன். மழையும் இல்லை, இரவும் இல்லை, பகல் வெயில் மண்டையைப் பிளந்தது. அந்த மெட்டை நீ பிப்ரவரியிலேயே உன் நண்பன் கல்யாணத்துக்குப் போட்டுவிட்டாய். கட்டியை எடுத்தவர் அறுவை மருத்துவர் அம்மையார். அவர் வெளியே வந்து தலையசைக்கும்வரை இரும்பு பெஞ்சில் என் தோளில் சாய்ந்து தூங்கியவன் நீ. நானும் ஜெபித்தேன். ஜெபம் கேட்கப்பட்டது என்றே இன்றும் நம்புகிறேன். ஆனால் அந்த அம்மையாரை உன் கதையிலிருந்து துடைத்துப் போட உனக்கு எப்படி மனம் வந்தது?

கதையோடு போயிருந்தால் வழக்கம்போல் சலித்துக்கொண்டு இருந்திருப்பேன். ஆகஸ்ட் மாதத்திலிருந்து உன் அம்மாவுக்கு அதே இடத்தில் மறுபடியும் வலி. ஸ்கேன் எடுக்க இரண்டு முறை நேரம் வாங்கினேன். இரண்டு முறையும் செருப்பு மாட்டியபின் வீட்டுக்குள் திரும்பிவிட்டாள். கத்தினேன். அவள் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்:

“நான் ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறத யாராச்சும் பாத்தா எம்புள்ள பொய் சொன்னான்னு ஆயிடாதா? அவன் பாட்ட அப்புறம் யாருங்க கேப்பாங்க?”

இதற்குப் பதிலை நீயே சொல்.

இது போதாதென்று முன்பின் தெரியாதவர்கள் கதவைத் தட்டுகிறார்கள். போன வாரம் ஒரு பெண், தன் வயிற்றில் இவள் கை வைத்து ஜெபிக்க வேண்டுமென்று அழுதாள். உன் அம்மாவும் ஜெபித்தாள், மறுகையால் புடவைக்குள் வெந்நீர்ப் பையை அழுத்திக்கொண்டு. நாடகக் கொட்டகையா இது, வீடா?

வலி வந்தால் எனக்குத் தெரியக்கூடாதென்று உன் பாட்டையே பாடுகிறாள். நாற்பது வருடம் பாடகர் குழுவில் நின்றவள் அவள், தாளம் பிசகமாட்டாள். இப்போது பிசகுகிறது.

24ஆம் தேதி, வியாழன், காலை பத்தரைக்கு மறுபடி நேரம் வாங்கியிருக்கிறேன். உன்னை மேடையில் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. அது உனக்கும் ஆண்டவருக்கும் நடுவே. 24ஆம் தேதிக்கு முன் அவளைக் கூப்பிட்டு, “அம்மா, டாக்டர்கிட்ட போங்க, என் பாட்டுக்கு ஒண்ணும் ஆகாது” என்று மட்டும் சொல். என் பேச்சு எடுபடவில்லை. நான் வெறும் புருஷன்தானே.

ஊர் உலகத்துக்கெல்லாம் ஆறுதல் தரும் உன் குரலை ஆண்டவர் காப்பாராக. அது இந்த வாரம் இந்த வீட்டுக்கும் கொஞ்சம் கேட்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா

பி.கு.: உறையை ஒட்டப் போனேன். அடுக்களையில் பாட ஆரம்பித்திருக்கிறாள். இரண்டாவது வரியில் நிறுத்திவிட்டாள். உள்ளே போகிறேன். கடிதம் கிடைத்தவுடன் கூப்பிடு, தம்பி.