காற்று வெளியேற வழி

இன்று காலை நீதிமன்ற வளாகத்தில் புல் வெட்டினார்கள். மழைக்குப் பிறகு முழங்கால் உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. ஒருவர் எந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வெட்டிக்கொண்டே போக, பெட்ரோலும் ஆயிலும் கலந்து எரிகிற வாடை நகல் பிரிவின் சன்னல் வழியாக என் மேசைவரை வந்தது. பக்கத்து இருக்கையில் இருக்கும் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சன்னலைச் சாத்தச் சொன்னார். நான் கொஞ்ச நேரம் கழித்துத்தான் சாத்தினேன்.

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே உமக்கு எழுதவேண்டும் என்று இருந்தது. நீர் போய்ப் பத்து மாதமாகிறது. இந்த மடலை எங்கே அனுப்புவது என்று தெரியாது. ஆனாலும் உம்மிடம் சொல்லாமல் இதை முடிக்க எனக்கு மனசில்லை.

நாம் முதலில் பார்த்துக்கொண்டதும் இதே அறையில்தான். ஏசி ஓடவில்லை என்று மேலப்பாளையத்திலிருந்து உம்மை வரவழைத்திருந்தார்கள். ஸ்டூல்மேல் நின்றபடியே என் மேசையில் கிடந்த வரைபடத்தைப் பார்த்துவிட்டீர். சாப்பாட்டு நேரத்தில் நான் பென்சிலால் திருத்திக்கொண்டிருந்த பழைய போர்விமானத்தின் முன்பக்கம் அது. "இது என்ன வே, பிளேனா?" என்று இறங்கி வந்தீர். சவுதியில் பதினாறு வருசம் பெரிய கட்டடங்களுக்குக் குளிர்காற்றுக் குழாய் போட்டதையும், வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பிலிப்பைன்ஸ்காரரோடு பாலைவன ஓரத்தில் ரேடியோவால் இயக்கும் சின்ன விமானம் பறக்கவிட்டதையும் அங்கேயே நின்று சொன்னீர். ஏசியை மறந்தே போனீர். தலைமை எழுத்தர் வந்து ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

எனக்கு மாதிரி விமானங்களைக் கட்டத்தான் தெரியும். அதுவரை கட்டிய மூன்று விமானங்களையும் நானே பறக்கவிட்டு நானே நொறுக்கியிருந்தேன். உமக்குக் கட்டப் பொறுமை கிடையாது, ஆனால் கை அசாத்தியம். நாற்பத்தேழு வயதில் இரண்டு ஆண்களுக்கு இப்படி ஒரு பொருத்தமா என்று என் மனைவி சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நான் வீடு திரும்பும்போது உம்முடைய ஸ்கூட்டர் வாசலில் நிற்கும்.

அந்தப் போர்விமானம் பருத்த மூக்குடையது. இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரு கட்டில் நீளம் இருக்கும். புல்வெட்டும் எந்திரத்தில் இருப்பதுபோன்ற பெட்ரோல் இன்ஜினைப் பூட்டிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முன்பலகையில் நான்கு துளை போட்டு, போல்ட்டுகளை முறுக்கி, நேராக நிற்கிறது என்று நான் பெருமையாகச் சொன்னேன். நேராக நிற்கக்கூடாது என்றீர். நேராகப் பூட்டினால் விசிறியின் வேகத்தில் விமானம் இடப்பக்கம் இழுக்குமாம். இரண்டு போல்ட்டுகளுக்கு அடியில் மெல்லிய வாஷர்களைச் சொருகி, இன்ஜினை இம்மியளவு வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் சாய்த்தீர். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சாய்வுக்கு ஒரு மத்தியானம் முழுக்கப் போனது.

அடுத்தது குளிர்ச்சி. இன்ஜினை மூடும் மூக்குக்கூட்டின் முன்வாய் அகலமாகத் திறந்திருந்தது. இவ்வளவு பெரிய வாய் இருக்கும்போது சூடு எப்படி நிற்கும் என்று கேட்டேன். நீர் மேசை விசிறியை முன்னால் வைத்து ஓடவிட்டு, ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி வாயருகே பிடித்தீர். புகை உள்ளே போனது. ஆனால் சிலிண்டரைத் தொடவே இல்லை. இரண்டு பக்கமும் ஒதுங்கி வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

"காத்துக்குச் சுகமான வழி கெடச்சா அது அங்கனதான் போவும் வே. சூடு இருக்க இடத்துக்கு நாமதான் புடிச்சுத் தள்ளணும்."

குழாய் வேலையில் மிஞ்சிய அலுமினியத் தகட்டை வெட்டி, முன்வாயில் பெரும்பகுதியை உள்பக்கமாக அடைத்தீர். சிலிண்டருக்கு நேரே மட்டும் ஒரு சன்னல் விட்டீர். இந்த முறை புகை சிலிண்டரைச் சுற்றியிருக்கும் மெல்லிய தகடுகளுக்கு நடுவே சீப்பு வாரியதுபோலப் புகுந்தது. நான் கைதட்டினேன். நீர் தட்டவில்லை. புகை உள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பதைக் காட்டினீர். சூடான காற்று விரியும், ஆகவே வெளியேறும் வழி உள்ளே வரும் வழியைப்போல இரண்டு மடங்காவது இருக்கவேண்டும் என்று சொல்லி, மூக்குக்கூட்டின் அடிவயிற்றில் பென்சிலால் ஒரு கட்டம் போட்டீர். நான்கு விரல் அகலம், ஒரு சாண் நீளம்.

அந்த அடிவயிற்றைப் பற்றி உமக்குத் தெரியும். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் நாற்பதும் நான் அதில்தான் உட்கார்ந்திருந்தேன். ஊசி மருந்து போடும் குழலில் பசை நிரப்பி, துளித்துளியாக வைத்து, ஆணித்தலைகளைப்போல வரிவரியாகச் செய்திருந்தேன். அதன்மேல் வெளிர்நீலம் அடித்திருந்தேன். நிஜ விமானத்தில் அந்த இடத்தில் ஓட்டை கிடையாது. ஒரு வாரத்தில் வெட்டிவிடுகிறேன் என்று உம்மிடம் சொன்னேன்.

வெட்டினேன். ஒரு விரல் அகலத்துக்கு, பின்னால், யார் கண்ணிலும் படாத இடத்தில். சனிக்கிழமை நீர் போனில் கேட்டீர், "வெட்டியாச்சா வே?" என்று. "வெட்டியாச்சு" என்றேன். அந்தச் சொல்லில் பொய் இல்லை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில், வற்றிக் கிடந்த குளத்தில் கூடினோம். அரிசி ஆலை அண்ணாச்சிதான் விமானம் விடும் நம் குழுவுக்குத் தலைவர் மாதிரி. இடம் கேட்டு வாங்குவது, ஊர்க்காரர்களிடம் சொல்லிவைப்பது எல்லாம் அவர்தான். பங்குனி வெயில் அந்தக் காலையிலேயே சுட்டது. விமானம் புல்தரையில் நின்றது. குனிந்து அதன் வயிற்றைப் பார்க்க உமக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்காது. நீர் பார்க்கவில்லை. நான் சொல்லிவிட்டேன் அல்லவா?

ரிமோட் உம் கையில் இருக்க, அது எழும்பிய அழகை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். இரண்டு சுற்று வந்தது. அண்ணாச்சிகூட தொப்பியைக் கழற்றிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். மூன்றாவது சுற்றில் அந்தப் பக்கத்து வயல்களுக்கு மேலே போகும்போது உம்முடைய முகம் மாறியது. "சத்தம் தணியுது" என்றீர். எனக்கு எந்த வித்தியாசமும் கேட்கவில்லை. அடுத்த நொடி எதுவுமே கேட்கவில்லை. இன்ஜின் நின்றுவிட்டது.

அதற்கு நேரே முன்னால் சாலையும் மின்கம்பிகளும் இருந்தன. நீர் குளத்துப் பக்கம் திருப்பினீர். அந்தக் கனத்துக்கு வேகம் போதவில்லை. பாதித் திருப்பத்தில் ஒரு இறக்கை சரிந்து, மூக்குக் குத்த விழுந்தது. விழுந்த இடத்திலிருந்து பத்தடி தள்ளி ஒரு அம்மா ஆடுகளோடு நின்றுகொண்டிருந்தார். ஆடுகள் சிதறி ஓடின. அவர் ஓடவில்லை. கம்பை ஊன்றிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

எல்லோருக்கும் முன்னால் அவரிடம் ஓடியது நீர்தான். தண்ணீர் கொடுத்தீர், மன்னிப்புக் கேட்டீர். அதன்பிறகுதான் உடைந்ததைப் பொறுக்கினீர். மூக்குக்கூட்டை முதலில் எடுத்து உம்முடைய பைக்குள் வைத்தது எனக்குத் தெரிந்தது. ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை, அல்லது யோசிக்க விரும்பவில்லை.

அண்ணாச்சி தொப்பியைக் கையில் பிடித்தபடியே ஓடிவந்தார். இன்ஜின் நின்றால் திருப்பக்கூடாது என்பது முதல் பாடம், அது தெரியாமலா இவ்வளவு காலம் பறக்கவிட்டீர் என்று கேட்டார். ஒரு உயிர் போயிருந்தால் யார் பதில் சொல்வது என்றார். ஆறு பேர் சுற்றி நின்றோம். நீர் என்னைப் பார்க்கவே இல்லை. "ஆமா அண்ணாச்சி. என் கை தப்புதான்" என்றீர். இனி கொஞ்ச காலம் நீர் ரிமோட்டைத் தொடவேண்டாம் என்று அவர் சொன்னபோதும் தலையாட்டினீர். சொல்ல எனக்கு இடம் இருந்தது. நேரமும் இருந்தது. நான் உடைந்த இறக்கையைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரம் உமக்குப் போன் செய்யவில்லை. நீரும் செய்யவில்லை. நாலாவது வாரம் ஒரு மாலையில் மேலப்பாளையத்துக்குப் பஸ் ஏறினேன். உம்முடைய கடையில் நீர் ஒரு ஏசியின் வடிகட்டி வலையைக் கழுவிக்கொண்டிருந்தீர். உட்காரச் சொல்லி, பக்கத்துக் கடையில் டீ சொன்னீர். டீயை ஆறவிட்டேன். பிறகு ஒரு விரல்தான் வெட்டினேன் என்று சொன்னேன்.

"தெரியும்" என்றீர். "அன்னைக்கே கூட்டைத் திருப்பிப் பாத்துட்டேன்."

பிறகு ஏன் எல்லோர் முன்னாலும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீரு சொல்லுவீருன்னு பாத்தேன் வே."

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். நாளைக்கே அண்ணாச்சியிடம் போய்ச் சொல்கிறேன் என்றேன். நீர் வலையை உதறிக் காயவைத்துவிட்டு, பைய வந்து எதிரில் உட்கார்ந்தீர்.

"இப்பம் போயிச் சொன்னா உம்மயும் வரண்டாம்னுருவாரு. பொறவு பிளேனை எங்கன கொண்டுபோயி விடுவீரு? ஒருத்தனாவது உள்ள இருக்கணும்லா. விடும்."

நீர் எனக்கு ஒரு சாக்குக் கொடுத்தீர். நான் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அன்று வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டேன் என்பதையும் உம்மிடம் சொல்லிவிடுகிறேன்.

மறுபடி கட்டினோம். முன்பலகை விரிசல் விட்டிருந்தது, அதை மாற்றினோம். பழைய சாய்வை நீர் வாஷர் வாஷராக மீண்டும் பிடித்தீர். அந்த மாதங்களில்தான் உம்முடைய கால்கள் வீங்க ஆரம்பித்தன. சிறுநீரகம் என்றார்கள். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அது இல்லாத நாட்களில் எங்கள் மாடிப்படியில் நீர் நின்று நின்று ஏறி வருவது கேட்கும். புதிய கூட்டின் அடிவயிற்றுக்கு நீர் பென்சிலை எடுக்கவில்லை. நானே கட்டம் போட்டு, நானே அறுத்தேன். நான்கு விரல், ஒரு சாண். அறுத்து முடித்ததும் நீர் கையை நுழைத்துப் பார்த்து, "தாராளம்" என்றீர். பெயிண்ட் அடித்தபோது ஆணித்தலைகள் வைக்க எனக்குத் தோன்றவே இல்லை.

அண்ணாச்சியின் குளத்தில் உமக்கு இன்னும் இடமில்லை. அதனால் களக்காட்டுப் பக்கம், மலையடிவாரத்தில், அறுப்பு முடிந்த ஒரு வயலுக்குப் போனோம். நம் இருவரோடு உம் மனைவி மட்டும். வாடகைக்கு எடுத்த காரின் கதவைத் திறந்து வைத்து, நீர் கால்களை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்தபடியே பறக்கவிட்டீர். ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன இடது கைக்கு அடியில் தலையணை வைத்திருந்தார் அவர். ஐந்து நிமிடம் போதும் என்று நான் சொன்னேன். நீர் பதினொரு நிமிடம் விட்டீர். மலையின் நிழலுக்குள் போய், வெயிலுக்குள் வந்து, மறுபடி நிழலுக்குள் போனது. சத்தம் ஒரு தடவைகூடத் தணியவில்லை. இறக்கி நிறுத்தியதும் அதைத் தூக்கிக்கொண்டு வரச் சொல்லி, ஏசி வேலைக்கு வைத்திருக்கும் சூடு பார்க்கும் கருவியை சிலிண்டருக்கு நேரே பிடித்தீர். அதில் தெரிந்த எண் அளவுக்குள்ளேயே இருந்ததை எனக்குக் காட்டினீர். உம் மனைவி, "ரெண்டு பேரும் சிரிக்குததப் பாரு, பிள்ளை பெத்த மாதிரி" என்றார்.

அதற்கு மேல் நீர் பறக்கவிடவில்லை. ஆடிச் சாரலில் போய்விட்டீர். கபர்ஸ்தானில் நானும் மூன்று கைப்பிடி மண் போட்டேன். அண்ணாச்சியும் வந்திருந்தார். நல்ல மனுசன் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போதும் நான் சொல்லவில்லை. சாவு வீட்டில் பேசும் பேச்சா இது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு எப்போதும் ஏதாவது ஒரு சாக்குக் கிடைத்துவிடும்.

போன ஞாயிறு குளத்தில் புதிதாக ஒருவர் வந்திருந்தார். பொறியியல் கல்லூரியில் வாத்தியார், சொந்தமாகக் கட்டிய முதல் விமானம். அண்ணாச்சி அவருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். "இஞ்சின் நின்னா எந்தக் காரணத்துக்கும் திருப்பாதேயும். இங்க ஒரு பாய் இருந்தாரு. தங்கமான மனுசன். பாவம், ஒரு நாள் கை தப்பிட்டு, ஒரு அம்மா மேல விழப் பாத்துச்சு." உம்மைப் பற்றி அன்பாகத்தான் சொன்னார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உம்மைத் தெரியாத ஒரு மனிதர் உம்மைப் பற்றிக் கேட்கிற முதல் வார்த்தை அதுவாக இருந்தது.

"அவரு கை தப்பல அண்ணாச்சி" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். பென்சில் கட்டம், ஒரு விரல், போனில் சொன்ன பதில், உம்முடைய பைக்குள் போன மூக்குக்கூடு, உம்முடைய கடையில் நடந்தது, எல்லாம். புதிதாக வந்தவர் தம்முடைய விமானத்தைக் கவிழ்த்து அதன் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி தொப்பியைக் கழற்றினார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன்.

"நான் அவரை ரிமோட்டத் தொடக்கூடாதுன்னு சொன்னேனே வே" என்றார். "ஒரு வருசம். அந்த மனுசன் வாயத் தொறக்கலையே."

பிறகு அவர் தம்முடைய காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். கண்ணாடியை இறக்கி, உம்மிடம் ஒரு வார்த்தை கேட்க முடியாமல் போய்விட்டதே என்றார். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான், நீங்கள் இல்லை என்று சொன்னேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை.

என்னை யாரும் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. நீர் அன்று கடையில் கணக்குப் போட்டது தப்பு. நான் முதல் வாரமே சொல்லியிருந்தால், அண்ணாச்சி இரண்டு நாள் கோபமாக இருந்துவிட்டு, மூன்றாம் நாள் உம்முடைய கையில் ரிமோட்டைக் கொடுத்திருப்பார். அந்த ஒரு வருசத்தில், கால் வீங்குவதற்கு முன்னால் எஞ்சியிருந்த நல்ல ஞாயிற்றுக்கிழமைகளில், நீர் அந்தக் குளத்தில் நின்றிருப்பீர். அவற்றை நான் எண்ணிப் பார்த்தேன். எண்ணாமல் இருந்திருக்கலாம்.

உம்முடைய பெயர் இப்போது சரியாகிவிட்டது. நான் உம்மிடமிருந்து எடுத்துக்கொண்ட அந்த ஞாயிற்றுக்கிழமைகள் என்னிடம் இருக்கின்றன.