மூன்றாம் மாடி பெஞ்சு

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். நீயும் சுகம்தானே என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போவது என் வழக்கம், இந்தத் தடவை கை வரவில்லை. எட்டு மாதமாக டாக்டரிடம் போகிறாய், மாத்திரை போடுகிறாய், ஆபீஸ் போகிற வழியிலேயே நெஞ்சு அடித்துக்கொண்டு பஸ்ஸைவிட்டு இறங்கிவிடுகிறாய் என்பதெல்லாம் உன் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். "அப்பாகிட்ட மட்டும் மூச்சு விடாதே" என்றாயாமே. நல்லா இருக்குடா! பெற்றவன் அந்நியனாகிவிட்டேன். இரண்டு நாள் உன்மேல் கொதித்துக்கொண்டிருந்தேன். அம்மாதான் என் வாயை அடைத்தாள். "உங்ககிட்டதான் முதல்ல சொன்னான், நீங்கதான் போனை வச்சீங்க."

வைத்தேன்தான். "மூச்சு முட்டுதுப்பா, செத்துருவேன் போல இருக்கு" என்றாய். "ஆம்பளப் பிள்ளை பேசுற பேச்சா இது, மூஞ்சியக் கழுவிட்டு வேலையப் பாரு" என்றேன். இத்தனைக்கும் முப்பது வருஷமாக லிப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். நடுவில் மாட்டிக்கொண்டவர்களிடம் என்ன பேச வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போன வாரம்கூட ஒரு கட்டடத்தில் ஒரு பெண், உன் வயதுதான், லிப்டுக்குள்ளே மாட்டிக்கொண்டு கதறினாள். கதவு இடுக்கில் வாயை வைத்து நாற்பது நிமிஷம் பேசினேன். "மெதுவா மூச்சு விடும்மா, நான் இங்கதான் இருக்கேன், எங்கயும் போகமாட்டேன்." ஊரார் பிள்ளைக்கு நாற்பது நிமிஷம். உனக்கு நாலு நிமிஷம்கூட இல்லை. தூ, நானும் ஒரு அப்பன்!

அந்தக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில்தான் மனநல டாக்டர் இருக்கிறார். மாதாமாதம் சர்வீஸுக்குப் போகும்போது அங்கே வரிசையாக உட்கார்ந்திருக்கும் இளவட்டங்களைப் பார்த்து, தின்ற கொழுப்பு என்று சிரித்திருக்கிறேன். நேற்று வேலை இல்லாமலே போய் அதே பெஞ்சில் உட்கார்ந்தேன். என் பிள்ளைக்கு மட்டும் ஏன் சார் இப்படி என்று டாக்டரிடம் கேட்டேன். "உங்க பிள்ளைக்கு மட்டும்னு யாருங்க சொன்னா? வெளிய பாருங்க, முக்கால்வாசி அந்த வயசுதான். நிறையப் பேருக்கு வர்றது, சரியாகக்கூடியதுதான்" என்றார். வெளியே வந்து பார்த்தேன். ஒருவரோடுகூட அப்பா வந்திருக்கவில்லை.

மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்திவிடாதே. வேளைக்குச் சாப்பிடு. குறையில்லாமல் நீ நீடூழி வாழ வேண்டும். நேற்று மூன்று தடவை போன் அடித்தேன், நீ எடுக்கவில்லை. போனில் என் பெயரைப் பார்த்தாலே உனக்குப் படபடப்பு வந்துவிடுகிறது என்று அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னாள். அதனால்தான் கடிதம். இனி நான் அடிக்கமாட்டேன். நீயாக என்றைக்காவது அடித்தால், முதலில் போனை வைப்பது நீயாகத்தான் இருக்கும்.

உன் நலத்தையே நினைத்துக்கொண்டிருக்கும்,
அப்பா