பதினொன்றில் ஏழு நீ எழுதியது

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது, அந்தப் பல்வலி விட்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இதெல்லாம் ஒப்புக்குக் கேட்கவில்லை, எவ்வளவு கோபத்தில் இருந்தாலும் அந்தக் கவலை மட்டும் எனக்குப் போவதில்லை. இங்கே நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அப்பாவுக்கு மணிக்கட்டில் சூடு பட்டது ஆறிவிட்டது, தழும்பு மட்டும் இருக்கிறது. மாடியில் ஒழுகின இடத்தைக் கொத்தனார் மூன்றாவது தடவையாக வந்து பூசிவிட்டுப் போயிருக்கிறார், அவருடைய யோக்கியதை மழை வந்தால்தான் தெரியும். எதிர்க்கடைத் தையல்காரி பாட்டியாகிவிட்டாள், நம் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று பேத்தியின் போட்டோவைச் சாப்பிட வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறாள். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் கேட்டால் நீ அழுவாய், நீ அழுதால் நான் விட்டுவிடுவேன், பிறகு இரண்டு பேரும் வேறு பேச்சுப் பேசிக்கொண்டிருப்போம். இந்த முறை விட எனக்கு மனமில்லை. அதனால் எழுதுகிறேன், நடுவில் மடித்து வைக்காமல் கடைசி வரை படி.

நம் உணவகத்துக்குப் போன வருடம் வந்த விருதைப் பற்றித்தான். சிறந்த உபசரிப்பு, சிறு உணவகப் பிரிவு. உணவகச் சங்கத்திலிருந்து கடிதம் வந்த அன்று அப்பா கரண்டியோடு வாசலுக்கு ஓடி வந்தது உனக்குத் தெரியும், நானே சொல்லியிருக்கிறேன். உனக்குத் தெரியாதது, அதற்கு முன்னால் நான் அடித்த கூத்து. நடுவர்கள் தங்களை யாரென்று சொல்லிக்கொள்ளாமல் வந்து சாப்பிட்டுப் போவார்கள் என்று விண்ணப்பத்தில் அச்சடித்திருந்தார்கள், அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு முகம் தெரியாத ஆள் யார் வந்தாலும் நடுவராக இருக்குமோ என்று விழுந்து விழுந்து கவனித்தேன். ஒருவர் சின்ன நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டே இருந்தார். அவருக்கு இரண்டாம் தடவை சூப், நறுக்கின பழம், மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தது எல்லாம் முடிந்து, கிளம்பும்போது வாசல் வரை வந்து கும்பிடப் போனால், உங்க மீட்டர் பொட்டி எந்தப் பக்கம்மா இருக்கு என்று கேட்டார். மின்சார ஆபீஸ்காரர். நான் அசடு வழிய நின்றதை அப்பா இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார். ஆனாலும் விருது வந்ததும் அந்த நோட்டுக்காரருக்கு முன்னாலோ பின்னாலோ நிஜமான நடுவர் ஒருவர் வந்திருக்கிறார் என்று நான் நம்பினேன். அன்று காலையில் நாங்கள் உனக்குச் சொல்வதற்கு முன்பே நீ போன் செய்து வாழ்த்தினாயே, அது எப்படி என்று கூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை, எனக்குத் தலைகால் புரியவில்லை.

பித்தளைத் தகட்டோடு ஒரு கோப்பும் கொடுத்தார்கள். வாடிக்கையாளர்கள் இணையத்தில் நம்மைப் பற்றி எழுதின பதினொரு கருத்துகள், அவற்றின் பேரில்தான் விருது என்று முதல் பக்கத்தில் போட்டிருந்தது. அதை நான் எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. பதினொன்றில் பத்து நம்மைத் தலையில் தூக்கி வைத்து ஆடின. ஒன்றில் மட்டும், சாப்பாடு அருமை, பரிமாறுபவர் தண்ணீர் கொண்டு வருவதற்குள் பசி போய்விடுகிறது, மற்றபடி குறையில்லை என்று இருந்தது. இந்த வருடம் மறுபடி விண்ணப்பிக்கும்போது சுட்டிக்காட்டின குறையை எப்படிச் சரிசெய்தீர்கள் என்று ஒரு கட்டம் நிரப்ப வேண்டும். குறை என்று இருந்தது அது ஒன்றுதான். பரிமாறுபவர் என்று நம்மிடம் இருந்ததும் ஒருவர்தான். உன் நிதானம் மாமா.

வாடிக்கையாளர்கள் வைத்த அந்தப் பெயரை அவர் ஒருநாளும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. அவர் மெதுவாக நடப்பவர், அது பொய்யில்லை. ஆனால் வந்தவர் உட்கார்ந்து மூச்சு விட்டு, கூட வந்தவரோடு ஒரு வார்த்தை பேசி முடிக்கும் வரைக்கும் பக்கத்தில் போகமாட்டார், அது கால் வலியால் இல்லை, அது அவருடைய வழக்கம். இடது கைக்காரருக்கு டம்ளரை இடது பக்கம் வைப்பார். ரத்தக் கொதிப்புக்காரர் வந்தால் சமையல்கட்டு ஜன்னலில் விரலால் இரண்டு தட்டு தட்டுவார், அப்பா உப்புப் போடாமல் தனியாக எடுத்து வைப்பார், சாப்பிடுகிறவருக்கே அது தெரியாது. இருபத்திரண்டு வருடம் இப்படி நின்றவரைக் கூப்பிட்டு, அந்தக் கோப்பைக் கையில் கொடுத்து, அந்த ஒரு வரியைக் காட்டி, கொஞ்ச நாள் நீங்க உள்ளே காய் நறுக்குங்க, வெளியே ஒரு பெண்ணை வைத்துப் பார்ப்போம் என்று சொன்னேன். நான்தான் சொன்னேன், அப்பா இல்லை. அவர் அந்தப் பக்கம் முழுவதையும் மெதுவாகப் படித்தார், சரிம்மா என்றார். ஐந்து வாரம் உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தார். பிறகு ஒருநாள் முழங்கால் முடியலம்மா என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டார். உன்னிடம் ஓய்வு எடுத்துக்கொண்டார் என்று சொன்னேனே, அந்தக் கதை இதுதான். புது வேலைக்காரி சுறுசுறு, உட்காருவதற்குள் தண்ணீர் வந்துவிடும், ஆனால் ஜன்னலில் யார் தட்டுவது? ஓய்வுபெற்ற தபால்காரர் இரண்டு மாதமாக வரவில்லை. விசாரித்தால், இப்பல்லாம் உங்க சூப்பு குடிச்சா ராத்திரி தலை சுத்துதும்மா, ஏன்னே தெரியல என்கிறார். ஏன் என்று எனக்குத் தெரியும்.

போன வெள்ளிக்கிழமை நிதானம் வீட்டுக்குப் போனேன், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமாவது வாருங்கள் என்று கேட்க. கையில் அந்தக் கோப்பை எடுத்துக்கொண்டு போனேன், என் புத்தியைப் பார். ஒரு வரி உங்களைக் குறை சொன்னால் என்ன, இன்னொரு பக்கத்தில் எவ்வளவு பெருமையாக எழுதியிருக்கிறார்கள் பாருங்கள் என்று சொல்லி, அவருக்கும் அவர் மனைவிக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தேன். பரிமாறுபவர் தட்டு வாங்கத் திரும்பி நிற்கும்போதும் எதிரே உள்ள வட்டக் கண்ணாடியில் எல்லா மேசைகளையும் பார்த்துக்கொள்கிறார், யாரும் கூப்பிட வேண்டியதே இல்லை என்று இருந்தது. படித்துக்கொண்டே வந்தவள் வட்டக் கண்ணாடியில் நின்றுவிட்டேன். மனதுக்குள் எத்தனையோ தடவை படித்த வரிதான், வாய்விட்டுப் படித்தபோதுதான் காதில் விழுந்தது. அந்தக் கண்ணாடி, பெயிண்டர் ஏணியைச் சாய்த்ததில் உடைந்து ஆறு வருடம் ஆகிறது, நீ ஊரை விட்டுப் போன மறு வருடம். அங்கே இப்போது அலமாரி இருக்கிறது. போன வருடம் சாப்பிட்டுவிட்டு எழுதினவர் அதை எங்கே பார்த்தார்? அடுத்த பக்கத்தைத் திருப்பினேன், ஈரக் குடை மாட்டுகிற ஆணி, அதுவும் வாசலை மாற்றினபோது போய்விட்டது. இன்னொருவர் மூன்றாம் மேசையின் ஆடுகிற காலுக்கு அட்டை மடித்து வைத்திருப்பதை அழகு என்கிறார், அந்த மேசையே நம்மிடம் இல்லை. ஒன்றொன்றாகப் பார்த்தால் ஆறு பேர் நீ விட்டுப்போன கடைக்கு வந்து சாப்பிட்டிருக்கிறார்கள்.

நான் நிமிர்ந்து பார்த்தால் நிதானம் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அன்னைக்கே தெரியும்மா என்றார். எப்படி என்று கேட்டேன். எட்டு வயதில் நீ கல்லாப் பக்கத்து உயர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, மாமா தண்ணி கொண்டு வர்றதுக்குள்ள என் பசியே போயிடும் என்று கத்துவாயாம், மொத்தக் கடையும் சிரிக்குமாம், அவரும் சிரிப்பாராம். பாப்பாவோட பேச்சு எனக்குத் தெரியாதாம்மா, எல்லாம் புகழ்ச்சியாவே இருந்தா நம்பமாட்டாங்கன்னு சும்மா கை போன போக்குல ஒண்ணு எழுதியிருக்கும், என்னை நெனச்சு எழுதியிருக்காது, சொன்னா நீங்க ரெண்டு பேரும் அதுகிட்ட பேசாம இருந்துடுவீங்க, அதான் விட்டுட்டேன் என்றார். ஏழாவது, அந்தக் குறை வரி. உன்னைக் காட்டிக் கொடுக்கக்கூடாது என்று வெங்காயம் உரித்திருக்கிறார். எனக்கு அந்த இடத்தில் பூமி பிளக்காதா என்று இருந்தது.

திங்கட்கிழமை தகட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு சங்கத்து ஆபீசுக்குப் போனேன். செயலாளர் அம்மாள் நல்லவள்தான், உட்காரச் சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன், கருத்துகள் நிஜமில்லை, என் மகள் எழுதினது, இதை வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். அவள் முகத்தில் அதிர்ச்சி எதுவும் இல்லை. எல்லாரும் அப்படித்தாம்மா, சொந்தக்காரங்க எழுதாம யார் எழுதுவா, நீங்க திருப்பிக் குடுத்தா எங்களுக்குத்தான் சங்கடம் என்றாள். அப்படியென்றால் ரகசியமாக வந்த நடுவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். அப்படி யாரையும் அனுப்ப ஆள் இல்லம்மா, பேப்பரைப் பார்த்துத்தான் குடுக்கறோம், அடுத்த வருஷமும் போடுங்க என்றாள். நம் தெருவில் ரொட்டிக்கடைக்காரர் எப்போதும் சொல்வார், விருதைக் கண்டுகொள்ளாதீர்கள், அது நாலு பேரை உள்ளே வரவழைக்கிற போர்டு மாதிரி, அவ்வளவுதான் என்று. அப்போதெல்லாம் கிடைக்காதவர் பேச்சு என்று நினைத்தேன். அந்த மனிதர் அதை எவ்வளவுக்கு எடுத்துக்கொள்ள வேண்டுமோ அவ்வளவுக்கு எடுத்துக்கொண்டார். கொடுத்தவர்களும் விளையாட்டாகக் கொடுத்தார்கள், வாங்கிக் கொடுத்த நீயும் விளையாட்டாகச் செய்தாய். அதை நிஜமென்று நினைத்து ஒரு மனிதரைக் கூப்பிட்டு உள்ளே அனுப்பினவள் நான் ஒருத்திதான்.

உன் மேல் எனக்கு இருக்கிற கோபம் பொய் சொன்னாய் என்பதற்காக மட்டும் இல்லை. நாங்கள் சமைத்துப் போடுவதற்கு யாரோ நாலு பேர் தானாக வந்து நல்ல வார்த்தை எழுதுவார்கள் என்று உனக்கு நம்பிக்கை இல்லாமல் போயிற்றே, அதுதான் வலிக்கிறது. விருது கொடுத்த மேடையில் அப்பா இரவல் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றார், கை தட்டினபோது யார் யாரோ ஊர் பேர் தெரியாதவர்கள் நம்மை மெச்சினார்கள் என்று கண் கலங்கினார். அந்த யார் யாரோ எல்லாம் நீ ஒருத்தி. நீ ஆசையாகத்தான் செய்திருப்பாய், பெற்றவர்கள் சந்தோஷப்படட்டும் என்று நினைத்திருப்பாய், அது எனக்குப் புரிகிறது, புரிவதால் கோபம் குறையவில்லை. வேலியே பயிரை மேய்ந்த மாதிரி ஆகிவிட்டது. என் பங்கும் இதில் இருக்கிறது. நீ எழுதினது ஒரு வரி, இருபத்திரண்டு வருடத்தை விட அந்த ஒரு வரியை நம்பினவள் நான். அதற்கு நான் அவர் வீட்டிலேயே மன்னிப்புக் கேட்டேன். நீங்க என்னம்மா பண்ணுவீங்க, அச்சுல போட்டிருந்துச்சு என்றார். என்னை அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் சமையல் மட்டும் செய்தார். மூன்றாம் நாள் கோப்பைக் கொண்டுவந்து ஒன்பதாம் பக்கத்தை என் முன்னால் வைத்தார். தாயை அடக்கம் செய்துவிட்டு வந்த வாரத்தில் தொண்டையில் இறங்கின முதல் உணவு இந்தச் சூப்தான் என்று ஒருவர் எழுதியிருக்கிறாரே, அதை. இது அவ எழுதினதா, வேற யாராவதான்னு மட்டும் கேளு என்றார். அதில் கண்ணாடியும் இல்லை ஆணியும் இல்லை, என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. உண்மையைச் சொல், எதுவாக இருந்தாலும். அது உன்னுடையது என்றால் நானே பக்குவமாக அவரிடம் சொல்லிக்கொள்கிறேன், இனிமேல் இந்த வீட்டில் யாரையும் சந்தோஷப்படுத்துவதற்காகப் பொய் வேண்டாம்.

இன்னொன்றையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். நிதானம் வீட்டிலிருந்து கிளம்பும்போது அவர் மனைவி தெருமுனை வரை கூட வந்தாள். எங்க வீட்டுக்காரரு இப்ப தினமும் டம்ளர் நிறையத் தண்ணி எடுத்துக்கிட்டு சமையல்கட்டுலேருந்து வாசல் வரைக்கும் நடந்து பாக்கறாரு, ஒரு கண்ணு கடிகாரத்து மேல, போன வாரத்தை விட அஞ்சு நொடி கொறச்சுட்டேன்ங்கறாரு என்று சொன்னாள். எழுபதை நெருங்குகிற மனிதர். நீ எழுதினது என்று தெரிந்தும் நடந்து பார்க்கிறார், அப்படியென்றால் அதை அவர் விளையாட்டு என்று எடுத்துக்கொள்ளவில்லை, என்னிடம்தான் அப்படிச் சொன்னார்.

அதனால் ஒன்பதாம் பக்கத்துக்குப் பதிலைத் தவிர எனக்கு எதுவும் எழுதாதே, அப்பாவிடம் மன்னிப்பும் கேட்காதே, அதெல்லாம் பிறகு. அவருக்கு ஒரு கடிதம் எழுது. போன் வேண்டாம், போனில் அவர் பரவாயில்லை பாப்பா என்று முதலில் சொல்லிவிடுவார், நீ தப்பித்துக்கொள்வாய். எழுத்து பெரிதாக இருக்கட்டும், அவருக்குக் கண் முன்னைப் போல இல்லை. ஏழு பேர் பெயரில் எழுதத் தெரிந்த உனக்கு உன் பெயரில் ஒன்று எழுத வராதா?

பல்லைக் கவனி, தள்ளிப் போடாதே. நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும், உன்னால் இன்னொருவரும் நன்றாக இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம்.

இதை எழுதினவள் வேறு யாருமில்லை,
உன் அம்மா