மூக்கில் வழிந்தது சளியில்லை, அக்கா

என் உயிரான அக்கா,

உன் பவானி நேற்று குனிந்து பள்ளிச் சப்பாத்து வாரைத் தானே கட்டினாள். ஒரு சொட்டுகூட விழவில்லை. இதை முதலில் உனக்குத்தான் சொல்லவேண்டும்.

நீ அவளை என் மடியில் விட்டுப் போன வருஷமே மூக்கில் தண்ணீர் வழிய ஆரம்பித்தது. இந்த மலைக்குளிரில் யாருக்குத்தான் ஒழுகவில்லை? தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லாரும் சளி என்றோம். அப்புறம் மூளைக்காய்ச்சல் வந்தது. ஆறே மாதத்தில் மறுபடியும். இரண்டாம் தடவை என்னையே அடையாளம் தெரியாமல் பார்த்தாள். உன் பிள்ளையை உன்னிடமே அனுப்பிவிடுவேனோ என்று நடுங்கிப்போனேன்.

பிழைத்து வந்ததும் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டேன், நாற்பத்தெட்டு நாள் அவள் தரையில் நெற்றி படக் கும்பிடுவாள் என்று. அங்கேதான் கண்ணில் பட்டது. குனியும்போதெல்லாம் சொட்டு. எப்போதும் இடது பக்கம் மட்டும், வெறும் தண்ணீர் மாதிரி தெளிவாக. "சித்தி, தொண்டையில உப்புக் கரிக்குது" என்றாள். என் புத்திதான் உனக்குத் தெரியுமே. கணக்கு நோட்டில் எழுதிவைத்தேன்: எந்தப் பக்கம், எத்தனை சொட்டு, நின்றபோதா குனிந்தபோதா.

கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அவளைக் கூட்டிப்போனேன்; அங்கே டாக்டரம்மா அந்த நோட்டைப் புரட்டினார். "யாரு எழுதினது, நர்ஸா?"

"நான்தான் டாக்டர். ஆறாவதோட சரி."

தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினார். "இது சளி இல்லம்மா. மூளையைச் சுத்தி இருக்கிற தண்ணி. மூக்குக்கு மேல எலும்புல பிறவியிலேயே ஓட்டை. அது வழியாத்தான் கிருமி ஏறுது. அடைச்சிடலாம்."

நானே குனியவைத்து ஒழுகவிட்டேனே என்று அழுதேன்.

"குனிஞ்சதாலதான் பிடிச்சோம், விடுங்க லா" என்றார். காட்டிக்கொடுத்தது அம்மன் என்றேன். அவர் மறுக்கவில்லை.

தலையைத் திறக்கவே இல்லை, அக்கா. மூக்கு வழியாகக் காமிராக் குழாய் விட்டு, தொடையிலிருந்து சின்னச் சவ்வு எடுத்து ஒட்டிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தபின் சில வாரம் குனியக்கூடாது, மூக்குச் சிந்தக்கூடாது. தும்மல் வந்தால் லயமே கத்தும், "வாயைத் திறந்து தும்முடி."

போன வாரம் டாக்டரம்மா அவளை உட்காரவைத்து, தலையை முழங்காலுக்குக் கீழே குனியச் சொன்னார். மூக்கடியில் டிஷ்யு பிடித்தார். காய்ந்தே இருந்தது.

பவானி நிமிராமலேயே கேட்டாள், "சித்தி, நோட்டுல இன்னைக்கு என்ன எழுதுவீங்க?"

"கோசோங், பூச்சியம்" என்றேன். அவ்வளவு பெரிய சுழியை என் கை போட்டதே இல்லை. உனக்கு அங்கிருந்து தெரிந்திருக்குமோ?

இன்னும் அவள் தும்மினால் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடுகிறேன். "வெறும் தும்மல்தான், போங்க சித்தி" என்கிறாள். இனி ஓடமாட்டேன், அக்கா. மற்ற பிள்ளைகளோடு மழையில் நனைந்து அவளுக்கும் சாதாரணச் சளி பிடிக்கட்டும். பயப்படாமல் பார்த்துக்கொள்வேன்.

உன் மகளை வளர்க்கும்
உன் தங்கை