மார்த்தா அக்கா கேட்ட வட்டி

சுங்கை பினாங், பினாங்கு.

அன்பு மகள் ஷர்மினிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உன் தங்கச்சி அதிராவும் சுகம், அப்பாவின் இடுப்பு வலியைத் தவிர. அங்கே கோத்தா கினபாலுவில் நீயும் சுகமாக இருக்க அம்மனை வேண்டிக்கொண்டுதான் தொடங்குகிறேன். சுகமா என்று உன்னைக் கேட்கவில்லை, கேட்டால் ஓகேமா என்பாய், அந்த ஓகேயை இனி நான் நம்புவதாக இல்லை. போன வாரமே எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. போனில் பேசினால் நான் கத்துவேன், நீ லைன் சரியில்லை என்பாய், வாட்சப்பில் எழுதினால் நீலக் கோடு விழும், அதோடு சரி. அதனால்தான் பார்சலுக்குள் வைக்கிறேன். பிஸ்கட் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் இதைப் படித்து முடி.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது தெரியாத நம்பர் ஒன்று அடித்தது, ஏமாற்றுக்காரனாக இருக்கும் என்று வெட்டினேன், மறுபடியும் அடித்தது. எடுத்தால் ஒரு பெண், மலாயில், அழுதுகொண்டே, நான் காமாரியா, தாவாவிலிருந்து பேசுகிறேன், நூருலுடைய அம்மா என்றார். உன்னோடு ஒரே அறையில் இருக்கிற பெண்ணின் அம்மா அழுகிறார் என்றால் என் மனசு எங்கே போயிருக்கும் சொல். புளிக் கையோடு அப்படியே நின்றுவிட்டேன். அவரோ நன்றி கா, நன்றி கா என்கிறார். ஷர்மினி கொடுத்த எண்ணூறு வெள்ளிப் பணம் இல்லையென்றால் நூருல் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பாள், அவள் அப்பாவின் படகு எஞ்சின் போனதிலிருந்து கையில் எதுவும் நிற்பதில்லை, மீன் விற்கிற காசில் மாதம் நூறாவது உங்களுக்குத் தந்துவிடுகிறேன், உங்களுக்குப் பெரிய மனசு கா என்கிறார். எனக்கு ஒன்றுமே தெரியாது ஷர்மினி. ஆனால் என் வாய் என்னைக் கேட்காமலே, பரவாயில்லை கா, பிள்ளைகள் படிக்கட்டும் என்று சொல்லிவிட்டது. போனை வைத்த பிறகுதான் உறைத்தது. நான் அனுப்பிய ஆயிரத்து அறுநூறில் பாதியை அவளுக்குக் கட்டிவிட்டு, பாதியை மட்டும் உனக்குக் கட்டியிருக்கிறாய், என்னிடம் முழுசா கட்டிட்டேன்மா என்றாய். பாக்கி முழுதும் அடைத்தால்தான் கடைசி செமஸ்டர் பரீட்சைச் சீட்டைத் தருவார்கள் என்று சொன்னவளே நீதானே, இப்போது ஆளுக்குப் பாதி கட்டிவிட்டு இரண்டு பேரும் பரீட்சை மண்டபத்துக்கு வெளியே நிற்கப் போகிறீர்களா?

அப்பாவிடம் சொன்னேன், லாரி ஓட்டாமல் வீட்டில் படுத்திருக்கிற மனுஷன் கோபப்படுவார் என்று பார்த்தால் சிரிக்கிறார். நாம ஊரெல்லாம் கடன் வாங்குறோம், உன் மக அங்க பேங்கு தொறந்துட்டாளா என்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அந்தப் பணம் நம்முடையதே இல்லை, மார்த்தா அக்கா புது ஃபிரிட்ஜ் வாங்க வைத்திருந்த பணம். நான் வாய் திறந்து கேட்கக்கூட இல்லை, ஆபீசில் என் முகத்தைப் பார்த்துவிட்டு அவராகவே கொடுத்தார். மாதம் இருநூறு குடு போதும், வட்டியெல்லாம் வேணாம், புள்ளயோட பரீட்சைச் சீட்டு வந்ததும் எனக்கு ஒரு போட்டோ காட்டு, அதான் என் வட்டி என்றார். தினமும் அவர் காரில்தான் சிம்பாங் அம்பாட்டுக்கு வேலைக்குப் போகிறேன், தினமும் பாலம் ஏறும்போது சீட்டு வந்துச்சா என்று கேட்கிறார், நான் சன்னல் பக்கம் திரும்பிக் கடலைப் பார்க்கிறேன். திங்கட்கிழமை அதற்கு மேல் முடியவில்லை, நடந்ததை அப்படியே சொல்லிவிட்டேன். பாலம் இறங்கினதும் அக்கா சொல்கிறார், அப்ப எனக்கு ரெண்டு புள்ளைங்க பரீட்சை எழுதணும், வட்டி டபுள் ஆயிருச்சுலா.

நீ செய்தது தப்பு என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அது மட்டும் எழுத வரவில்லை. கொடுத்தது தப்பில்லை, என்னிடம் சொல்லாமல் கொடுத்ததுதான் தப்பு. அதைவிட என்னைத் தூங்கவிடாமல் செய்தது, காமாரியா என்னிடம் பேசியது தெரிந்து நேற்று நீ அனுப்பிய மெசேஜ், வேண்டுமானால் இந்த செமஸ்டரைத் தள்ளிப்போடுகிறேன்மா, ஏதாவது வேலை பார்த்துவிட்டு வந்து முடிக்கிறேன் என்று. அந்தப் பேச்சே வேண்டாம். எங்கள் ஆபீஸ் ரூபினியின் தம்பியும் ஆறு மாதம் என்றுதான் தள்ளிப்போட்டான், வருஷம் நாலு ஆகிறது, உணவு டெலிவரி ஓட்டுகிறான், உழைத்துத்தான் சாப்பிடுகிறான், குறை சொல்லவில்லை, ஆனால் வீட்டில் யாராவது படிப்பு என்று ஆரம்பித்தால் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுகிறானாம். அன்னைக்கு யாராச்சும் ஒரு ஆயிரம் குடுத்திருந்தா அவன் முடிச்சிருப்பான் கா என்று சொல்லிக்கொண்டே ரூபினி முந்நூறு வெள்ளியை என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அப்பா கார் இன்சூரன்சுக்கு வைத்திருந்த ஐந்நூறைக் கொடுத்தார், இன்சூரன்ஸ் போடுகிற வரைக்கும் கார் கீழேயே நிற்கட்டும் என்கிறார். ஆகவே உன் பாக்கி எண்ணூறு சேர்ந்துவிட்டது. இந்தத் தடவை உன் கையில் கொடுக்க மாட்டேன், உன் மாணவர் எண்ணைப் போட்டு இன்று காலையில் யூனிவர்சிட்டி கணக்குக்கே நேராகக் கட்டிவிட்டேன். இது கைக்கு வந்த அன்றைக்கே யூனிவர்சிட்டி ஆபீசுக்குப் போய்ப் பணம் ஏறிவிட்டதா என்று பார், வரிசை நீளம் என்று திரும்பி வந்துவிடாதே. நூருலின் மீதியை அவள் சித்தி அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புவதாகக் காமாரியா சொன்னார். அனுப்புவார் என்றுதான் நினைக்கிறேன், அனுப்பாவிட்டால் என்ன செய்வது என்று இரவெல்லாம் புரண்டேன், நான் பார்த்தே இராத ஒரு பெண்ணுக்காக, இது என்ன வேலை எனக்கு.

மேகியே சாப்பிட்டு மிச்சம் பிடிக்காதே, போன வாரம் வீடியோவில் கழுத்தெலும்பு தெரிந்தது. பருப்புப் பொடி வைத்திருக்கிறேன், சோற்றில் போட்டு எண்ணெய் விட்டுச் சாப்பிடு. உள்ளே பருப்பு வைத்த தம்பூன் பிஸ்கட் இரண்டு டப்பா இருக்கிறது, ஒன்று நூருலுக்கு. வழக்கமான கடையில் வாங்கவில்லை, ஹலால் முத்திரை இருக்கிற கடையைத் தேடிப்போய் இரண்டையும் வாங்கினேன், நீங்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள்தானே. அதிரா உனக்கு ஒரு பூனை வரைந்து வைத்திருக்கிறாள், காது மூன்று இருக்கிறது, கேட்டால் கோபம் வருகிறது.

மார்த்தா அக்கா புனித அன்னாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாராம், நான் அம்மனுக்கு அர்ச்சனைக்குக் கொடுத்துவிட்டேன், காமாரியாவும் தொழுகையில் சும்மா இருக்க மாட்டார். மேலே எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது, இனி நீங்கள் இரண்டு பேரும் படிக்க வேண்டியதுதான். நல்லா இரு, தைரியமாக எழுது, நீ நினைத்ததெல்லாம் நடக்கட்டும்.

மறக்காதே, சீட்டு வந்ததும் போட்டோ அனுப்பு, உன்னுடையது மட்டும் என்றால் அனுப்பாதே, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடு. நூருலின் மீதி வராது என்று தெரிந்தால் வெள்ளிக்கிழமைக்கு முன்னாலேயே சொல், அவள் மாணவர் எண்ணையும் சேர்த்து அனுப்பு. இந்தத் தடவை எனக்கு நீதான் சொல்ல வேண்டும், காமாரியா இல்லை.

இப்படிக்கு,
உன் போனுக்காக உட்கார்ந்திருக்கும்
அம்மா சுபாஷினி